மிஷினை எப்ப எடுப்பாங்கன்னு சொன்னவள்

பையைக் கீழ வச்சிராதீங்கக்கா, அடியில தண்ணி கிடக்கு. எம் பையனை நான் மடியில வச்சுக்கிறேன், கூடையைக் காலுக்கு நடுவுல இடுக்கிக்கிறேன், நீங்க நல்லா உட்காருங்க. பஸ் கிளம்ப இன்னும் பத்து நிமிஷம் ஆகும். டிரைவர் இப்பத்தான் டீக்கடையில வடையைப் பிச்சாரு, பார்த்துட்டுத்தான் ஏறினேன்.

நாங்க நல்லமுத்தன்பட்டிக்குப் போறோம். நீங்க அதுக்கு அடுத்த ஸ்டாப்பா? அப்பச் சரி, எனக்குக் கடைசி வரைக்கும் பேச்சுத்துணை ஆச்சு. அந்தா முன்னாடி ஜன்னலோரம் ஊதாச் சட்டை போட்டுக்கிட்டு, ஏறின உடனே தலையைச் சாய்ச்சுட்டாரே, அவருதான் எங்க வீட்டுக்காரர். காசிராஜன்னு பேரு. கள்ளிக்குடி பக்கம் எங்களுக்கு. லோடு வண்டி ஓட்டுறாரு. ஊருக்கெல்லாம் வண்டி ஓட்டுற மனுசன் பஸ்ஸுல ஏறினா தூங்கிருவாரு. நமக்கு ஓசி டிக்கெட்டு, குடும்பத்துல அவரு ஒருத்தருக்குத்தான் காசு. கொடுத்த காசுக்குத் தூங்கியாவது தீர்க்கட்டும்னு விட்டுட்டேன்.

கூடையைப் பார்க்கிறீங்க. சீர்தான்க்கா. சேலை, பழம், வெத்தலை பாக்கு, கொஞ்சம் பூ. பூ வாடிரும்னு ஈரத்துணி சுத்தியிருக்கேன். ஒரு பொண்ணுக்கு இன்னைக்கு நிச்சயதார்த்தம். சுகந்தின்னு பேரு. அந்தப் பொண்ணுக்கு நான் அத்தை. சொந்த அத்தை இல்ல. ஆஸ்பத்திரியில உண்டான அத்தை. சிரிக்காதீங்க, நிசமாத்தான் சொல்றேன். ஆஸ்பத்திரிக் காகிதத்துலயே அப்படித்தான் எழுதியிருக்கு.

போன மாசியில எங்க வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்துச்சு. மூணு நாள் சாதாரணக் காய்ச்சல்னு கஷாயம் வச்சுக் கொடுத்தேன். நாலாம் நாள் நடக்கும்போதே மூச்சு வாங்கி உட்கார்ந்துட்டாரு. கை காலெல்லாம் சில்லுன்னு ஆகிப்போச்சு. மதுரைக்குக் கொண்டுபோனோம். காய்ச்சல் கிருமி போய் இதயத்துல உட்கார்ந்துருச்சு, இதயம் துடிக்குது ஆனா ரத்தத்தைத் தள்ளலைன்னாங்க. ஒரு மணி நேரத்துல மிஷின்ல போட்டாங்க. எக்மோன்னு பேரு. கேள்விப்பட்டிருப்பீங்க. தொடையில பெரிய குழாயைச் சொருகி ரத்தத்தை வெளிய எடுத்து, அதுக்குக் காத்தைக் கொடுத்து, திரும்ப உள்ள விடும். இதயமும் நுரையீரலும் செய்யிற வேலையை அது வெளிய நின்னு செய்யும். மனுசன் சும்மா படுத்திருப்பாரு.

நான் அழுது முடிச்ச பிறகு கேட்ட முதல் கேள்வி, எப்ப எடுப்பீங்க. ரெபெக்கான்னு ஒரு பொண்ணு டாக்டர், என் வயசுதான் இருக்கும். அவங்க சொன்னாங்க, "அதைத்தாம்மா நாங்களும் தினம் காலையில எங்களையே கேட்டுக்கிறோம். அவசரப்பட்டு எடுத்தா இதயம் தாங்காது. தாமதிச்சா மிஷினாலேயே கெடுதல், ரத்தம் கசியும், கிருமி ஏறும், காலுக்கு ரத்தம் போகாது. நடுவுல ஒரு நாள் இருக்கு. அந்த நாளைத்தான் கண்டுபிடிக்கணும்."

அந்த நாளை எப்படிக் கண்டுபிடிப்பாங்கன்னு கேட்டேன். எதையும் கேட்டுத் தெரிஞ்சுக்கிற ஆளு நான். எங்க ஊர் அரசுப் பள்ளியில பன்னிரண்டு வரைக்கும் படிச்சேன், கணக்குல நான்தான் முதல். அதுக்கு மேல படிக்க வைக்கல, கட்டிக் கொடுத்துட்டாங்க. அது கிடக்கட்டும். டாக்டர் பொறுமையாச் சொன்னாங்க. தினமும் காலையில மிஷினோட வேகத்தைக் கொஞ்ச நேரம் குறைப்பாங்களாம். அப்ப இதயம் தன் பாட்டுக்கு எவ்வளவு வேலை செய்யுதுன்னு நெஞ்சுல ஸ்கேன் வச்சுப் பார்ப்பாங்களாம். ஒரு துடிப்புக்கு ரத்தத்தை எத்தனை சென்டிமீட்டர் தூரம் தள்ளுதுன்னு ஒரு நம்பர் வரும். பத்துக்கு மேல நின்னா நல்ல சகுனம். மத்ததையும் பார்க்கணும்னாங்க. எனக்குப் பத்து மட்டும் மனசுல ஒட்டிக்கிச்சு. பம்புசெட்டுக் குழாயில தண்ணி எவ்வளவு தூரம் போய் விழுதுன்னு பார்த்து மோட்டார் எப்படி இருக்குன்னு சொல்றோமே, அது மாதிரிதானேன்னு கேட்டேன். அந்த டாக்டர் சிரிச்சுட்டாங்க. கிட்டத்தட்ட அப்படித்தான்னு சொன்னாங்க.

கிட்டத்தட்டன்னு சொன்னாங்க. அதை நான் அப்பக் கவனிக்கல.

என் மக நோட்டு ஒண்ணு பையில கிடந்தது. அதோட பின்பக்கம் தினமும் எழுத ஆரம்பிச்சேன். நாலு. ஆறு. ஆறு. ஏழு. ஒன்பது. இந்தக் கணக்குல போனா வியாழக்கிழமை பதினொண்ணு வரும், வெள்ளிக்கிழமை எடுப்பாங்கன்னு எங்க மாமியார்கிட்டச் சொன்னேன். வியாழக்கிழமை பதினொண்ணு வந்துச்சு. வெள்ளிக்கிழமை எடுத்தாங்க. ஒரு நாள் பிசகலக்கா. அடுத்த நாள் இவருக்கு ப்ரஷர் இறங்குச்சு, எல்லாரும் பதறினாங்க. மத்தியானத்துக்குள்ள ஏறிருச்சு. அதையும் நோட்டுல எழுதி வச்சேன்.

பஸ் கிளம்பிருச்சு. ஜன்னலைப் பாதி மூடிக்கலாமா? இவன் முகத்துல காத்து அடிக்குது.

அந்த ஐ.சி.யூ வாசல்ல ஒரு பெரிய ஹால் இருக்கும். உள்ள ஆளை விட்டுட்டு வெளிய காத்துக் கிடக்கிறவங்க எல்லாம் அங்கதான். பாயும் பக்கெட்டுமா. நான் சும்மா இருக்கமாட்டேன்ல, யாருக்கு என்னன்னு விசாரிச்சுருவேன். ஒரு காலேஜ் பையன் மிஷின்ல இருந்தான். அவங்கப்பாகிட்ட நம்பரை வாங்கி எழுதி, திங்கக்கிழமைன்னு சொன்னேன். திங்கக்கிழமை எடுத்தாங்க. அதுக்குள்ள எனக்கு வேற தடயமும் பிடிபட்டிருச்சு. முந்தின நாள் சாயங்காலம் ரெண்டு பாட்டில் ரத்தம் தயார் பண்ணச் சொல்லிச் சீட்டு வந்தா, மூக்குக் குழாய்ல சாப்பாட்டை நிறுத்தினா, மறுநாள் எடுக்கப் போறாங்கன்னு அர்த்தம். நர்ஸ் வாயே திறக்க வேண்டாம், நான் சொல்லிருவேன்.

அவ்வளவுதான், ஹால் பூரா என் பேருதான். "மீனாகிட்டக் கேளுங்க, சரியாச் சொல்லும்." என் முழுப்பேரு பாண்டிமீனா. வாட்ச்மேன் என்னை டாக்டரம்மான்னு கூப்பிட ஆரம்பிச்சாரு. காலையில பல்லு விளக்கிட்டு வந்தா ரெண்டு மூணு பேரு டீயோட உட்கார்ந்திருப்பாங்க, சீட்டைக் கையில வச்சுக்கிட்டு. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. இல்லைன்னு சொன்னாப் பொய். எங்க ஊர்ல என்கிட்ட யாரு என்ன கேட்டிருக்கா? குழம்புக்கு உப்புப் போட்டியான்னுதான் கேட்டிருக்காங்க.

நான் ஒண்ணும் காசு வாங்கிட்டுச் சொல்லலக்கா. நல்ல மனசுலதான் சொன்னேன். நிம்மதியில்லாம கிடக்கிற ஆளுகளுக்கு ஒரு நாளைச் சொன்னா, அந்த நாள் வரைக்கும் சோறு இறங்கும்.

இவரை வார்டுக்கு மாத்தின பிறகும் நான் ஹாலுக்குப் போய்க்கிட்டுத்தான் இருந்தேன். அப்பத்தான் தங்கபுஷ்பம் மதினி வந்தாங்க. இந்தச் சுகந்தியோட அம்மா. அவங்க வீட்டுக்காரரு மாரிக்கனி, தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை. பெரிய மாரடைப்பு. அடைப்பை எடுத்துட்டாங்க, ஆனாலும் இதயம் எந்திரிக்கல. மிஷின்ல போட்டுட்டாங்க. மதினி ஒத்தையாளா வந்திருந்தாங்க. அவருக்குக் கூடப்பொறந்தவங்க யாருமில்ல. பொண்ணு திருநெல்வேலியில ஹாஸ்டல்ல இருந்து காலேஜ் கடைசி வருஷப் பரீட்சை எழுதிக்கிட்டு இருந்துச்சு. அப்பாவுக்கு லேசா நெஞ்சுவலின்னு மட்டும்தான் பிள்ளைகிட்டச் சொல்லியிருந்தாங்க.

மதினி யாருகிட்டயும் பேசாது. சுவத்தைப் பார்த்தே உட்கார்ந்திருக்கும். நான்தான் போய், "சாப்பிட்டீங்களா மதினி"ன்னு கேட்டேன். "எறங்கலம்மா"ன்னாங்க. ரெண்டு இட்லியைப் பிச்சு வச்சேன். அன்னையில இருந்து என்னை விடல. உள்ள போய்ப் பார்க்க ஒரு ஆளுக்குத்தான் பாஸ், கூட ஒருத்தர் பேரைச் சேர்க்கணும்னா நெருங்கின உறவா இருக்கணும்னாங்க. மதினி யோசிக்கவே இல்ல. "எழுதுங்க, தங்கச்சி"ன்னாங்க. அப்படித்தான் நான் மாரிக்கனி அண்ணனுக்குத் தங்கச்சி ஆனேன். அந்த முறையிலதான் இன்னைக்கு அத்தை.

அவருக்கும் நம்பர் எழுதினேன். மூணு. அஞ்சு. அஞ்சு. எட்டு. பன்னெண்டு. எட்டுல இருந்து ஒரே தாவா பன்னெண்டு. எனக்குச் சந்தோசம் தாங்கல. அன்னைக்கு டாக்டர் ரெபெக்கா வெளிய வந்து எங்க ரெண்டு பேரையும் நிக்க வச்சுச் சொன்னாங்க. "இதயத்தோட இடது பக்கம் நல்லாத் தேறுது. வலது பக்கம் எங்களுக்கு இன்னும் சந்தேகமா இருக்கு. மிஷினை ரொம்ப நாள் வைக்கவும் முடியாது, ரத்தம் கசிய ஆரம்பிச்சிருக்கு. எடுத்துப் பார்ப்போம்." சொல்லிட்டுப் போயிட்டாங்க. மதினிக்குப் பாதி புரியல. என் முகத்தைப் பார்த்தாங்க. "என்ன மீனா சொல்லுது அந்தப் பொண்ணு?"

நான் சொன்னேன், "நல்லாத் தேறிட்டாராம் மதினி. வியாழக்கிழமை எடுத்துருவாங்க."

வலது பக்கத்தைச் சொல்லல. வேணும்னே மறைக்கலக்கா. டாக்டர்னா எப்பவும் கடைசியில ஒரு "பார்ப்போம்" போடுவாங்க. இவருக்கும் போட்டாங்க, அந்தப் பையனுக்கும் போட்டாங்க. அதையெல்லாம் எழுதி வச்சா நோட்டு பத்தாதுன்னு விட்டுட்டேன்.

அதோட விட்டிருந்தாலும் பரவாயில்ல. மதினி ஒன்பது நாளாப் படுக்கல. காலு ரெண்டும் வீங்கித் தூணு மாதிரி ஆகிப்போச்சு. நான்தான் சொன்னேன், "வியாழக்கிழமை எடுத்த உடனே பார்த்துட்டு ஊருக்குப் போங்க. ரெண்டு நாள் நல்லாத் தூங்குங்க. வீட்டைக் கூட்டி, அண்ணனுக்கு நாலு கைலி எடுத்துட்டு, சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸுக்கு ஆறுதலா வாங்க. வார்டுக்கு மாத்தின பிறகுதான் உங்களுக்கு வேலையே இருக்கு. நான்தான் இருக்கேன்ல." மதினிக்கு மனசே இல்ல. "போகவா மீனா? போகட்டுமா?"ன்னு நாலு தடவை கேட்டாங்க. நாலு தடவையும் போங்கன்னு சொன்னேன்.

வியாழக்கிழமை எடுத்தாங்க. நான் சொன்ன நாள்தான்க்கா. நான் சொன்னது தப்பல. இதை யாருகிட்டச் சொன்னாலும் முதல்ல இதைத்தான் சொல்லத் தோணுது. வியாழக்கிழமைன்னேன், வியாழக்கிழமை எடுத்தாங்க.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு நான் உள்ள போய்ப் பார்த்தேன். முழிச்சிருந்தாரு. வாயில குழாய், பேச முடியாது. என்னைப் பார்த்தாரு, என் தோளுக்குப் பின்னாடி பார்த்தாரு. மதினியைத் தேடுறாருன்னு தெரிஞ்சுது. "மதினி நாளைக்கு வந்துருவாங்கண்ணே, கைலி எடுக்கப் போயிருக்காங்க"ன்னேன். கண்ணை மூடித் திறந்தாரு. சரின்னு அர்த்தம்.

சனிக்கிழமை அண்ணன் போயிட்டாரு. வலது பக்கம் தாங்கல.

நீங்க ஏன்க்கா முகத்தைத் திருப்பிக்கிறீங்க? டாக்டருக்கே நிச்சயம் இல்லாத விஷயம். பன்னெண்டு வந்துருச்சு, எடுத்தாச்சு, அப்புறம் தாங்கலைன்னா அதுக்கு நான் என்ன செய்வேன்? எடுக்கிறது வேற, பிழைக்கிறது வேறன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க, உன் மேல தப்பே இல்லைன்னு. மதினி என் தோள்ல விழுந்து அழுதப்ப என்ன சொன்னாங்க தெரியுமா? "நான் இல்லாட்டியும் நீ பக்கத்துல நின்னியே தாயி. அது போதும்." கடைசி நேரத்துல என்னைத்தான் உள்ள கூப்பிட்டாங்க. நான்தான் கையைப் பிடிச்சிட்டு நின்னேன். மதினி வந்து சேரும்போது முடிஞ்சு முக்கால் மணி நேரம் ஆயிருச்சு.

அதை வச்சுத்தான் இன்னைக்கு இந்த மரியாதை. தட்டு மாத்துறப்ப பொண்ணு வீட்டுப் பக்கம் அப்பாவும் அம்மாவும் நின்னு வாங்கணும். அப்பா இல்ல. அம்மா தாலி இறங்கினவங்க, தட்டைத் தொடமாட்டாங்க. அதெல்லாம் யாரு பார்க்கிறா மதினின்னு போன்ல சொல்லிப் பார்த்தேன், கேட்கல. "நான் பின்னால நின்னு பார்த்துக்கிறேன். நீயும் தம்பியும் ஜோடியா முன்னால நின்னு வாங்குங்க. அவுகளைக் கடைசியாத் தொட்ட கை உன் கைதான். அந்தக் கை வாங்கட்டும்"னாங்க.

கொஞ்சம் இருங்க. இவன் முழிச்சுட்டான். என்னடா? ஒண்ணுமில்ல, தூங்கு. அப்பா அந்தா இருக்காரு.

உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன். நீங்க யாரோ நான் யாரோ, அடுத்த ஸ்டாப்புல நீங்க இறங்கிப் போயிருவீங்க. எங்க வீட்டுக்காரருக்கும் தெரியாது. அவரு ஊரெல்லாம் "எம் பொண்டாட்டி டாக்டருக்கே தேதி குறிச்சுக் கொடுத்தவ"ன்னு சொல்லிட்டுத் திரியிறாரு. சொல்லாதீங்கன்னாலும் கேட்கமாட்டாரு.

அந்தச் சனிக்கிழமை காலையில நர்ஸ் வெளிய வந்தாங்க. மாரிக்கனி சொந்தக்காரங்க யாருன்னு கேட்டாங்க, எந்திரிச்சேன். ப்ரஷர் இறங்குது, மருந்தைக் கூட்டியிருக்கோம், அவரு சம்சாரத்தை உடனே வரச் சொல்லுங்கன்னாங்க. சொல்றேன்னு தலையாட்டினேன். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் போன் போட்டேன்.

ஒரு அரை மணி நேரம் இருக்கும்.

ஏன்னு கேட்டா, இவருக்கும் ரெண்டாம் நாள் இறங்குச்சுல்ல. மத்தியானம் ஏறிருச்சுல்ல. நோட்டுல இருக்கு. அதே மாதிரி ஏறிரும்னு நினைச்சேன். பாவம் இப்பத்தான் கண்ணசந்திருக்கும், பதறி அடிச்சு ஓடி வரும், வந்து பார்த்தா அண்ணன் நல்லா இருப்பாரு. எதுக்குப் பயமுறுத்தணும்? மதினியை நினைச்சுத்தான் போடல.

அரை மணி நேரம் இல்லக்கா. ஒரு மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கும் மேல.

போனைக் கையில வச்சுட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். மதினி பேரையும் எடுத்து வச்சுட்டேன். அழுத்தினாப் போதும். அழுத்தினா என்ன சொல்லணும்? ஆறுதலா வாங்கன்னு சொன்னேனே, இப்ப உடனே வாங்கன்னு சொல்லணும். தேறிட்டாருன்னு சொன்னேனே, தேறலைன்னு சொல்லணும். அந்த வாயாலதான் சொல்லணும். இன்னும் கொஞ்சம் பார்ப்போம், ஏறிட்டாச் சொல்லவே வேண்டாமேன்னு உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் பார்த்து ஒருத்தர் டீயோட வந்தாரு. அவரு தம்பியை முந்தின நாள்தான் மிஷின்ல போட்டிருந்தாங்க. "நீங்கதான் கரெக்டாச் சொல்வீங்களாமே"ன்னாரு. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? நோட்டை எடுத்தேன். பத்துன்னா என்ன, எப்படிப் பார்ப்பாங்க, ரத்தச் சீட்டு வந்தா என்ன அர்த்தம், எல்லாம் விளக்கமாச் சொன்னேன். டீயையும் குடிச்சேன். உள்ள அண்ணனுக்கு இறங்கிக்கிட்டே இருக்கு, நான் வெளிய உட்கார்ந்து வகுப்பு எடுக்கிறேன்.

நர்ஸ் மறுபடி வந்து, "வரச் சொல்லிட்டீங்களா, கிளம்பிட்டாங்களா"ன்னு கேட்டாங்க. சொல்லிட்டேன், வந்துட்டு இருக்காங்கன்னேன். சொல்லிட்டு மாடிப்படிப் பக்கம் போய் அப்புறம்தான் போன் போட்டேன். அப்ப மணி பத்தேகால்.

மதினிகிட்ட எதுவுமே சொல்லல. இப்பத்தான் நர்ஸ் வந்து சொன்னாங்கன்னுதான் போன்ல சொன்னேன். பதினொரு மாசமா அதுதான் கதை. நாப்பதாம் நாளுக்குப் போனப்பச் சொல்லிரணும்னு நினைச்சுட்டுப் போனேன். மதினி எனக்குக் கை கழுவத் தண்ணி மொண்டு ஊத்துச்சு. சொல்லல. தீபாவளிக்கு இவனுக்குச் சட்டை எடுத்து அனுப்புச்சு. சொல்லல. இப்படி ஒவ்வொண்ணா வாங்கி வாங்கி, இப்பத் தட்டு வாங்குற வரைக்கும் வந்து நிக்குது.

நான் எனக்கே சொல்லிக்குவேன், ரோட்டு வேலை நடந்ததால பஸ் மெதுவா வந்துச்சு, அதான். முன்னாடியே போன் போட்டிருந்தாலும் வந்து சேர்ந்திருக்காது. அப்படியே வந்திருந்தாலும் அவருக்கு நினைவு இல்ல, கண்ணு திறக்கல, யாரு வந்தாலும் தெரிஞ்சிருக்காது. பாதி நாள் இதைச் சொல்லித்தான் தூங்குறேன்.

நேத்து மத்தியானம் வரைக்கும் சொன்னேன். நேத்து மத்தியானம் சுகந்தி போன் போட்டுச்சு. சேலை பிளவுஸைப் பத்திக் கேட்கப் போகுதுன்னு நினைச்சு, "என்ன மருமகளே, மாப்பிள்ளை போன் எடுக்கலையா"ன்னு கிண்டல் பண்ணினேன். அது கேட்டுச்சு, "அத்தை, நர்ஸ் உங்ககிட்ட எத்தனை மணிக்குச் சொன்னாங்க?"

கல்யாண வேலைக்கு ஏதோ சான்றிதழ் வேணும்னு பீரோவைக் குடைஞ்சிருக்கு. அப்பாவோட ஆஸ்பத்திரி ஃபைல் வந்திருக்கு. மதினிக்கு இங்கிலீஷ் தெரியாது, பத்திரமாக் கட்டி வச்சதோட சரி. பிள்ளை உட்கார்ந்து ஒவ்வொரு தாளாப் படிச்சிருக்கு. அதுல இருக்காம், ஒன்பது பத்துக்கு நோயாளியின் தங்கைக்குத் தகவல் சொல்லப்பட்டது, மனைவியை உடனே வரவழைக்கச் சொல்லப்பட்டதுன்னு. கீழ என் கையெழுத்து. நர்ஸ் அட்டையை நீட்டினாங்க, போட்டேன். பாண்டிமீனான்னு தமிழ்ல, முத்து முத்தா. என் கையெழுத்து எப்பவும் அழகா இருக்கும்.

"அம்மாவுக்கு நீங்க போன் பண்ணினது பத்தேகாலுக்கு அத்தை. அம்மா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். பாலைக் காய்ச்சிட்டு இருந்தேன், பத்தேகாலுக்கு மீனா போன் வந்துச்சுன்னுதான் ஆரம்பிக்கும்." அப்படின்னு சொல்லிட்டு ஒரு கணக்குச் சொல்லுச்சு. பத்தேகாலுக்குப் போன் போட்டதுக்கு அம்மா ஒண்ணு பத்துக்கு வந்து சேர்ந்துச்சு. ஒன்பது பத்துக்கே போட்டிருந்தா பன்னெண்டு அஞ்சுக்கு வந்திருக்கும். அப்பா போனது பன்னெண்டு இருபத்தஞ்சு. ரோட்டு வேலை, பஸ்ஸு, எல்லாம் அதுக்குள்ளயே அடங்கிருச்சு.

அப்பவும் பாருங்க, என்ன சொன்னேன். "அவருக்கு நினைவு இல்லம்மா, அம்மா வந்தாலும் தெரிஞ்சிருக்காது"ன்னேன்.

அந்தப் பிள்ளை கத்தல. திட்டல. "நினைவு இல்லாட்டி என்ன அத்தை, கை சூடா இருந்திருக்கும்ல"ன்னுச்சு.

மதினி வந்தப்ப சூடு போயிருந்துச்சுக்கா. அது எனக்குத் தெரியும். மதினி கையைத் தொட்டுட்டு வெடுக்குன்னு எடுத்ததை நான் பார்த்தேன். அப்புறம் மறுபடி தொட்டுச்சு.

வராம இருந்துறவான்னு சுகந்திகிட்டக் கேட்டேன். பிள்ளைக்குக் காய்ச்சல்னு சொல்லிட்டா யாரும் கேட்கமாட்டாங்க. அதுக்கு அது சொல்லுச்சு, "வராம இருந்தீங்கன்னா நானே அம்மாகிட்டச் சொல்லிருவேன். என் வாயால அம்மா அதைக் கேட்கக் கூடாது. நீங்க வாங்க. வந்து நீங்களே சொல்லுங்க. சொன்ன பிறகும் அம்மா தட்டைக் கொடுத்தா வாங்குங்க. சொல்லாம வாங்காதீங்க அத்தை." அப்பவும் அத்தைன்னுதான் சொல்லுச்சு. அதுதான் எனக்குத் தாங்கல.

நான் இவ்வளவு நேரம் சிரிச்சுப் பேசிட்டு வந்தேன்னு தப்பா நினைக்காதீங்க. பேசாம இருந்தா இறங்கி வேற பஸ் ஏறிருவேன்னு பயமா இருந்துச்சு. காலையில கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல நின்னப்ப, எங்க ஊருக்குப் போற பஸ் எதிர்லதான் நின்னுச்சு. ரெண்டு தடவை அதைப் பார்த்தேன். இவரு, "என்ன, பாத்ரூம் போகணுமா"ன்னு கேட்டாரு.

முதல்ல என்ன சொல்லணும்னு உங்களுக்குத் தெரியுமா? படிச்ச ஆளு மாதிரி இருக்கீங்க. மதினி, ஒரு விஷயம்னு ஆரம்பிச்சா என்னமோ சீர்ல குறைன்னு நினைச்சுக்கும். மன்னிச்சுருங்கன்னு ஆரம்பிச்சா உடனே "எதுக்குத்தா மன்னிப்பு, வா, வந்து சாப்பிடு"ன்னு இழுத்துட்டுப் போயிரும். அதுக்கு அவ்வளவுதான் தெரியும். மதினியை நினைச்சுப் போடலைன்னு சொல்லலாமா? பாதி உண்மைதானே. இல்ல, வேண்டாம். அதைச் சொன்னா மதினி அதை மட்டும் பிடிச்சுக்கிட்டு என்னை விட்டுரும். நல்லவளாவே திரும்பி வந்துருவேன்.

அண்ணனுக்கு முடியலைன்னு ஒன்பது பத்துக்கே எனக்குத் தெரியும். பத்தேகாலுக்குத்தான் உங்களுக்குச் சொன்னேன். நான் சொன்ன நாள் பொய்யாயிரும்னு பயந்து உட்கார்ந்திருந்தேன். இவ்வளவுதான். மூணு வரி. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகப்போகுது?

கண்டக்டர் விசில் ஊதிட்டாரு. அந்தப் புளியமரத்துல திரும்பினா ஸ்டாப்புதான். என்னங்க, எந்திரிங்க. ஏங்க, ஊரு வந்துருச்சு. இவரு எந்திரிக்கிறதுக்குள்ள பஸ்ஸு அடுத்த ஊருக்குப் போயிரும். நீங்க கொஞ்சம் இவனைப் பிடிங்கக்கா, நான் கூடையை எடுத்துக்கிறேன்.

அந்தா நிக்குது பாருங்க, பச்சைச் சேலை. அதுதான் மதினி. நிச்சயத்தை வச்சுக்கிட்டு, வீட்டுல ஆயிரம் வேலை கிடக்க, நம்மளைக் கூப்பிட ஸ்டாப்புக்கே வந்திருக்கு. பின்னால கையைக் கட்டிட்டு நிக்கிறது சுகந்தி. அது சிரிக்கல. மதினி சிரிக்குது.

நான் முதல்ல இறங்குறேன். நீங்க இவனை ஜன்னல் வழியா அவங்கப்பாகிட்டக் கொடுத்துருங்க. அவருகிட்டத்தான் கொடுக்கணும். மதினி ஓடி வந்து கையை நீட்டும், பிள்ளைன்னா அதுக்கு உசிரு. நீட்டினாலும் கொடுத்துறாதீங்கக்கா. இவனை அது தூக்கி இடுப்புல வச்சுட்டா எனக்கு வாய் வராது.